எந்த வயதுக் குதிரையைத் தீட்டுவது?
வாசகர் கேள்வி – பதில்

குதிரை உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது பற்றி வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன். கொலு பொம்மை, தேர்ச் சிற்பம், கோயில் வாகனம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பாளையங்கோட்டையில் பதினைந்து ஆண்டுகளாகப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி வருகிறேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தார், வண்டிப் பந்தயத்தில் ஓடித் தங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த குதிரையை அப்படியே தீட்டித் தரச் சொல்லி, வர்ணம் பூசாத ரெசின் குதிரை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குதிரை சென்ற ஐப்பசியில் இறந்துவிட்டது. பெரியவர், ‘அது புகை நிறம், உடம்பெல்லாம் வட்டம் வட்டமாக இருக்கும்’ என்கிறார். அவருடைய மகனோ, ‘பால் மாதிரி வெள்ளைக் குதிரை’ என்கிறார். இருவரும் தங்கள் பேச்சுக்கு ஆதாரமாகப் புகைப்படமும் காட்டுகிறார்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டில் துருவிக் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
— பாளையங்கோட்டை வாசகி

பதில்: அம்மா, இருவர் சொல்வதும் உண்மைதான். பெரியவர் மனத்தில் நிற்பது அது வாங்கிவந்த காலத்துக் குதிரை. மகன் மனத்தில் நிற்பது அதன் கடைசிக் காலத்துக் குதிரை. சில குதிரைகள் கருப்பாகவோ செவலையாகவோ பிறந்து, வயது ஏற ஏற நரைத்துக்கொண்டே போய், பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து வயதுக்குள் ஏறக்குறைய முழு வெள்ளையாகிவிடும். மனிதருக்கு வரும் முதுமை நரை போன்றதன்று இது. பிறவியிலேயே உள்ள ஒரு மரபணு மாற்றத்தால் வருவது. எஸ்.டி.எக்ஸ்.17 என்ற மரபணுவின் ஒரு பகுதி இரட்டித்திருப்பதே இதற்குக் காரணம் என்பதை, சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2008-இல் கண்டறிந்து வெளியிட்டது. புகை நிறமும் வட்டங்களும் அந்த நரையின் இடைக்காலத் தோற்றம்; பால் வெள்ளை அதன் முடிவு.

ஆகவே நீங்கள் அவர்களிடம் ‘என்ன நிறம்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘எந்த வயதுக் குதிரை வேண்டும்?’ என்று கேளுங்கள். நிறத்தைப் பற்றிக் கேட்டால் ஒருவர் சொல்வது பொய் என்றாகிவிடும்; வயதைப் பற்றிக் கேட்டால் அப்படி ஆகாது. வந்த புகைப்படங்களையெல்லாம் கால வரிசையில் அடுக்கி வைத்து, ஒரே ஒரு படத்தைக் குடும்பத்தாரே சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். தேர்ந்தெடுத்த படத்தின் பின்புறம், ‘இந்தப் படத்தில் உள்ளவாறு’ என்று எழுதி, வேலை கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். துக்க வீட்டில் கையெழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். முடித்துக் கொடுத்த உருவத்தைப் பார்த்து அப்பாவும் பிள்ளையும் மனம் வேறுபட்டு நிற்பது அதைக் காட்டிலும் சங்கடமானது.

ஓர் எச்சரிக்கை உண்டு. தீட்டுபவருக்கு வட்டங்கள் நிறைந்த புகை நிறத்தின் மேல்தான் ஆசை போகும், ஏனென்றால் கைத்திறன் தெரிவது அதில்தான். அந்த ஆசையால் குடும்பத்தாரை ஒரு பக்கம் தள்ளிவிடாதீர்கள். படங்களில் எந்த வயதுக்கு இரண்டு பக்கமும் தெளிவாகக் கிடைக்கிறது என்பதை மட்டும் எடுத்துச் சொல்லலாம். இறந்துபோன குதிரையை மறுபடி படம் எடுக்க முடியாது என்பதால், ஆதாரம் அதிகம் உள்ள வயதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

புகை நிறம் என்று முடிவானால், வட்டங்களை வட்டங்களாகத் தீட்டாதீர்கள். புதிதாகத் தீட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். கருநிறத்தின் மேல் வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டே போனால் குதிரை புள்ளிமான் ஆகிவிடும். உண்மையில் அது மீன் வலையைப் போன்ற ஒரு கருமை. வலைக் கண்களின் ஊடாக வெளிர் நிறம் தெரிகிறது. முதலில் உடம்பு முழுவதும் வெளிர் சாம்பல் நிறத்தை இட்டு, அதன் மேல் சற்றே கருத்த நிறத்தால் வலையை இழைத்து, பின்னர் ஒவ்வொரு கண்ணின் நடுவிலும் மிக மெல்லியதாக வெளிர் நிறத்தைத் தொட்டு வைப்பது எனக்குப் பழகிய முறை. இந்த வலைக் கண்கள் வயிற்றிலும் பின் தொடையிலும் பெரியவையாகவும், தோளை நோக்கிச் சிறுத்தும், கழுத்தில் ஏறக்குறைய மறைந்தும் போகும். எந்த இரண்டும் ஒரே அளவில் இருக்கக் கூடாது. முகம் சீக்கிரம் வெளுத்துவிடும். கால்கள், குறிப்பாக மூட்டுகள், கடைசி வரை கருமையை விடாமல் வைத்திருக்கும். பிடரியும் வாலும் குதிரைக்குக் குதிரை மாறுவதால் அவற்றைப் படத்தைப் பார்த்துத்தான் தீட்ட வேண்டும்.

வெள்ளை என்று முடிவானால் வேலை குறையும் என்று எண்ண வேண்டாம். நரைத்த குதிரையின் மயிர்தான் வெள்ளை, தோல் கருப்பு. மூக்கு நுனியிலும், உதட்டிலும், கண்ணைச் சுற்றிலும், காதின் உட்புறத்திலும், தொடை இடுக்கிலும் அந்தக் கருமை மயிரை மீறித் தெரியும். அங்கெல்லாம் சாம்பல் நிறத்தைக் கீழே இட்டு, வெள்ளையை மேலே மெலிதாக ஓட்டினால்தான் அது உயிருள்ள குதிரை. இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடித்த சுவர். டைட்டானியம் வெள்ளையைத் தனியாக எங்கும் பூசாமல், எல்லோ ஓக்கரும் அல்ட்ராமரின் நீலமும் துளித் துளி கலந்து, வெயில் படும் முதுகில் மஞ்சள் சார்ந்ததாகவும் வயிற்றடியில் நீலம் சார்ந்ததாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். மேலும், சில நரைத்த குதிரைகளுக்கு வயதான பின் செம்பழுப்பில் பொடிப் பொடியாகப் புள்ளிகள் தெறித்திருக்கும். மகன் கொடுத்த படத்தைப் பெரிதாக்கி, அவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். பிறக்கும்போது அந்தக் குதிரைக்கு நெற்றிச் சுட்டியோ மூக்கில் வெள்ளையோ இருந்திருந்தால், நரைத்த பிறகு மயிரில் அதன் எல்லை தெரியாமல் போயிருக்கும். ஆனால் அந்த இடத்துத் தோல் இளஞ்சிவப்பாகவே இருக்கும். உடம்பு நனைந்தால் அது பளிச்சென்று தெரியும். தாமிரபரணியிலோ வாய்க்காலிலோ குளிப்பாட்டியபோது எடுத்த படம் ஒன்று யாருடைய கைப்பேசியிலாவது கிடக்கும். அதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். விழாவில் மாலை போட்டு எடுத்த பத்துப் படங்களைவிட அது உங்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: என் மார்வாரி ஆண் குதிரையின் உருவத்தைத் தீட்டித் தரும்படி வெளியூர்க் கலைஞர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். ‘நல்ல படங்கள் அனுப்புங்கள்’ என்று மட்டும் சொன்னார். நல்ல படம் என்றால் என்ன?
— வள்ளியூர் வாசகர்

பதில்: அழகான படம் வேண்டாம், சலிப்பூட்டும் படம் வேண்டும். குதிரை சமதளத்தில் நான்கு கால்களும் தெரிய நிற்க, இடப்புறம், வலப்புறம், முன், பின் என நான்கு படங்கள். பிறகு முகம் நேராக, முகம் இரு பக்கமும், ஒவ்வொரு காலும் தனித்தனியாக, அதிலும் உட்புறமும் வெளிப்புறமும். சேணமும் கடிவாளமும் இல்லாமல் எடுங்கள். புல்தரையில் நிறுத்தினால் குளம்பு மறைந்துவிடும். குளம்பின் நிறம் மிக முக்கியம். வெள்ளை ஏறிய காலில் குளம்பு பெரும்பாலும் வெளிறியும், கருத்த காலில் கருத்தும் இருக்கும். வெள்ளையின் விளிம்பில் கருமை கலந்திருந்தால் குளம்பிலும் நேர்கோடாகக் கருமை இறங்கியிருக்கும்.

கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்து உடம்பு சிறுத்துத் தெரியும். பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, குதிரையின் நெஞ்சு உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். நம் பக்கத்து உச்சி வெயிலில் முதுகு வெளுத்து வயிறு இருண்டுவிடும். மாலை வெயிலில் வெள்ளைக் குதிரைகூடப் பொன்னிறமாகிவிடும். காலை எட்டு மணிக்கு நிழலில் நிறுத்துவது உத்தமம். ஒரே ஒரு படத்திலாவது, சலவை செய்த வெள்ளை வேட்டி ஒன்றைக் குதிரையின் பக்கத்தில் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். படத்தில் அந்த வேட்டி நீலமாகத் தெரிகிறதா மஞ்சளாகத் தெரிகிறதா என்பதை வைத்து, கைப்பேசி நிறத்தை எவ்வளவு மாற்றியிருக்கிறது என்று கலைஞர் கணக்கிட்டுக்கொள்வார்.

குதிரையோடு சேர்ந்து எடுத்த செல்ஃபி படங்களைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். பல கைப்பேசிகள் அவற்றைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றிச் சேமிக்கின்றன. நான் ஒருமுறை அப்படிப்பட்ட படத்தை நம்பி, வலப் பின்னங்காலில் இருக்க வேண்டிய வெள்ளையை இடப் பின்னங்காலில் தீட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குதிரைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. உருவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தொழுவத்துக்கு என்னை அழைத்துப்போய்க் குதிரையின் பக்கத்தில் நிறுத்திவிட்டார். பின்னங்கால்களின் வண்ணத்தை உரசி எடுத்து மறுபடி தீட்ட இரண்டு வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து, பின்னணியில் கடைப் பலகையோ வண்டி எண்ணோ இருக்கும் படம் ஒன்றைக் கேட்டு வாங்குகிறேன். எழுத்து நேராக இருந்தால் படமும் நேரானது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சேகரிப்பாளர்களிடம் அதிகம் புழங்கும் பெரிய உருவங்கள் உண்மைக் குதிரையில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. 15 ஹேண்ட், அதாவது தோள் வரை 60 அங்குலம் உள்ள குதிரை அந்த அளவில் 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். உங்கள் குதிரையின் நெற்றிச் சுட்டி நான்கு சென்டிமீட்டர் அகலம் என்றால், உருவத்தில் அது நாலரை மில்லிமீட்டர். கலைஞரின் கை ஒரு மில்லிமீட்டர் விலகினால், உண்மைக் குதிரையில் அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் விலகியதற்குச் சமம். முகத்தை மட்டும் பத்துப் படம் கேட்கிறாரே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: தென்காசியில் இருக்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் குதிரைக்கு மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால், பாசி பூத்ததுபோல் வெளுத்துப் போகிறது. கருங்குதிரை ஒன்று சாம்பல் குதிரையாகிவிட்டது. டப்பா போலியோ?
— தென்காசி வாசகர்

பதில்: டப்பாவின் மேல் குற்றம் இல்லை, சாரலின் மேல்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று முதலில் வந்து சேரும் இடத்தில் இருக்கிறீர்கள். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் பனிபோல் படிந்து, வார்னிஷ் இறுகும்போது உள்ளே சிக்கிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் வெளுப்பு அதுதான். மழை விட்டு, வெயில் ஏறி, காற்று உலர்ந்த ஒரு நண்பகலில் அதே வார்னிஷை மிக மெலிதாக ஒரு முறை அடித்துப் பாருங்கள். புதிய கரைப்பான் பழைய படலத்தை இளக்கி, சிக்கிய ஈரத்தை வெளியேற்றுவதால் பல சமயம் கருமை திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மேல் படலத்தை உரசி எடுத்துவிட்டு மறுபடி தீட்டுவதுதான் வழி.

சாரல் காலத்தில் வேலையை நிறுத்த முடியாது என்றால் ஸ்பிரேயை ஒதுக்கிவிட்டு, தூரிகையால் பூசும் நீர் கலந்த அக்ரிலிக் வார்னிஷுக்கு மாறுங்கள். அது உலரத் தாமதமாகும், ஆனால் இப்படி வெளுப்பது அரிது. ஆனால், பேஸ்டல் குச்சியை உரசித் தூளாக்கித் தூரிகையால் தேய்த்து நிறம் ஏற்றுபவராக இருந்தால் இது பயன்படாது. அந்தத் தூளை ஒவ்வொரு அடுக்குக்கும் ஸ்பிரேயால்தான் நிறுத்த வேண்டும், தூரிகை பட்டால் கலைந்துவிடும். அப்படிப்பட்ட வேலையை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொண்டு, சாரல் மாதங்களில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டலாம். எண்ணெய் வண்ணம் நீர் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு ஓரிரு நாளில் தொடும் பதத்துக்கு வந்துவிடும். டைட்டானியம் வெள்ளை ஒரு வாரம் இழுக்கும். வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லும்போது, குதிரையில் எவ்வளவு வெள்ளை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கடைகளில் கிடைக்கும் குதிரை உருவங்கள் எல்லாம் குழிந்த மூக்கும் சிறிய காதுமாக அரபுக் குதிரைகளாகவே இருக்கின்றன. நம் ஊர்க் குதிரைகளை அவற்றில் எப்படித் தீட்டுவது?
— ஆறுமுகநேரி வாசகர்

பதில்: ஆறுமுகநேரியிலிருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்கு மகிழ்ச்சி. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பழைய காயல் துறைமுகத்தில் ஹொர்முஸ், ஏடன் பக்கங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் வந்து நின்றதை, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். பாண்டியர் காலத்தில் இங்கே இறங்கியவை அரபுக் குதிரைகள். இன்று நம் பக்கத்தில் வளர்ப்பவர்களிடம் அதிகம் இருப்பவை மார்வாரியும், கத்தியவாரும், நுக்ராவும், மட்டக்குதிரையும், இவற்றின் கலப்புகளும்.

மார்வாரி என்றால் காதை மாற்றாமல் தீட்டாதீர்கள். நுனி உள்ளே வளைந்து, சில குதிரைகளில் ஒன்றையொன்று தொட்டே நிற்கும் காதுகள் அவை. நிறம் எவ்வளவு பொருந்தினாலும் காது தவறானால் குதிரைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். இருக்கும் காதைச் சீவிவிட்டு, ஊசி போன்ற கம்பியைச் செருகி, அதன் மேல் எம்சீல் பிசைந்து காதை வளர்த்தெடுங்கள். அது சீக்கிரம் இறுகத் தொடங்கும் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு காதுக்கு வேண்டிய அளவு மட்டும் பிசையுங்கள். குழிந்த மூக்குத் தண்டையும் அதனாலேயே நிரப்பி, இறுகிய பின் உப்புத்தாளால் தேய்த்து நேராக்கலாம். ரெசினை எப்போதும் தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசமும் அணியுங்கள். நுக்ராவைப் பொறுத்தவரை, மேலே சொன்ன நரைத்த குதிரையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதன் தோலே இளஞ்சிவப்பு. மூக்கிலும் கண்ணோரத்திலும் சாம்பல் நிறத்துக்குப் பதிலாக இளஞ்சிவப்பை இட வேண்டும்.

கேள்வி: கழுத்தில் உள்ள ஒரு சுழியைத் தீட்ட வேண்டாம் என்கிறார் வாடிக்கையாளர். அது ஆகாத சுழியாம். விட்டுவிடலாமா?
— வீரவநல்லூர் வாசகர்

பதில்: அவர் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளும் உருவம் என்றால் விட்டுவிடலாம். ஒன்பதில் ஒரு பங்கில் அந்தச் சுழி மிளகளவுகூட இராது. நெற்றிச் சுழியைத் தவிர மற்றவற்றைப் பெரும்பாலான கலைஞர்கள் காட்டுவதும் இல்லை. ஆனால் இல்லாத இடத்தில் ராஜ சுழி ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். குதிரைகளுக்கான அடையாளச் சான்றுகளில் சுழி இருக்கும் இடங்களைப் பெருக்கல் குறியிட்டுக் காட்டுவது வழக்கம்; அந்த அளவுக்கு அது குதிரையின் கைரேகை போன்றது. விற்பனைக்கு நிற்கும் குதிரையோடு சேர்த்துக் காட்டுவதற்காகத்தான் இந்த உருவம் என்று தெரிந்தால், சுழியை மறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய பிரையர் நிறுவனக் குதிரை உருவத்தின் வண்ணத்தை நகப்பூச்சு நீக்கியால் துடைத்து எடுத்துவிட்டு, என் குதிரையின் நிறத்தில் தீட்டலாமா?
— கோவில்பட்டி வாசகி

பதில்: துடைக்காதீர்கள். 1950-இல் முதல் குதிரையை வெளியிட்ட அந்த நிறுவனத்தின் பெரிய உருவங்கள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. பல நகப்பூச்சு நீக்கிகளில் உள்ள அசிட்டோன் அந்தப் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். பழைய வண்ணத்தை எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. சோப்பு நீரில் கழுவி, 400 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து, மெல்லிய பிரைமர் இரண்டு பூச்சு கொடுத்துவிட்டு, மேலே தீட்டத் தொடங்கலாம்.

கேள்வி: முடித்த குதிரையை ஆம்னி பஸ்ஸில் சென்னைக்குப் பார்சல் அனுப்பினேன். உடம்பெல்லாம் அம்மைத் தழும்புபோல் வட்ட வட்டமாகப் பதிந்துபோய்ச் சேர்ந்திருக்கிறது. கால் ஒன்றும் உடைந்திருக்கிறது. எப்படிக் கட்டியிருக்க வேண்டும்?
— மேலப்பாளையம் வாசகர்

பதில்: குமிழி பிளாஸ்டிக்கை வண்ணத்தின் மேல் நேராகச் சுற்றியிருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் பார்சல் அறையின் வெப்பத்தில் வார்னிஷ் இளகி, குமிழிகள் அதில் பதிந்துவிட்டன. முதலில் பழைய பருத்தி வேட்டித் துணியையோ மெல்லிய டிஷ்யூ தாளையோ இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்கு மேல்தான் குமிழி பிளாஸ்டிக் வர வேண்டும். கால்களுக்கு இடையிலும் வயிற்றின் அடியிலும் பஞ்சு அடைத்து, குதிரையின் எடை காலில் இறங்காதபடி பக்கவாட்டில் படுக்க வைத்து, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டுங்கள். தீட்டி முடித்து மூன்று வாரம் ஆகாத குதிரையை, அதிலும் எண்ணெய் வண்ணம் என்றால், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பெட்டியில் வைக்காதீர்கள். உடைந்த காலைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். மெல்லிய பித்தளைக் கம்பியை உள்ளே செருகி ஒட்டினால் முன்னைவிட உறுதியாக நிற்கும்.